ஐம்பதுக்கு மேல் திறக்காத பக்கம்

போன வாரம் லாண்டரியம்மாவின் வலது மணிக்கட்டில் போட்ட கட்டோடு விட்டோம். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று அவர் சொன்னதை டாக்டர் நம்பினார். மகனும் நம்பினான், நம்புவதுதான் அவனுக்கு வசதி. மருமகள் மட்டும் போய்ப் பார்த்தாள். குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. அதற்கு மேல் அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

‘வாயைத் திறந்து கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!’ என்று நீங்கள் திட்டுவது என் காதில் விழுகிறது. நானும்தான் திட்டினேன். ஆனால் நாள் முழுக்க ஊரார் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கிக் கேள்வி கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, சொந்த வீட்டில் ஒரு கேள்வி கேட்க அலுப்பாக இருந்தது. அலுப்பு மட்டும்தானா என்பதை இன்று பார்ப்போம்.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வரி. லாண்டரியம்மாவுக்கு வயது அறுபத்தேழு. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவர். அவர் கணவரைத் தெருவே ‘பெரியவர்’ என்று கூப்பிடும். நாலு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து, இடது பக்கம் விழுந்து, கட்டிலோடு கிடக்கிறார். மகன் பஸ் டிரைவர். மருமகள் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேள்வி கேட்டு டேப்லெட்டில் பதிகிற வேலை. அதனால் தெருவில் அவளுக்குப் பெயர் சர்வேக்காரி. இரண்டு வரி என்றேன், நீண்டுவிட்டது. விடுங்கள், குடும்பம் என்றால் அப்படித்தான்.

காலை ஆறு மணி. டங், டங், டங்.

பெரியவர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். பேச்சு குழறுவதால் அவர் கண்டுபிடித்த அழைப்பு மணி இது. தண்ணீர் வேண்டுமென்றாலும் இதுதான், புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்றாலும் இதுதான், சும்மா கிடந்து போரடித்தாலும் இதுதான்.

லாண்டரியம்மா எழுந்து போனார். நனைந்த விரிப்பை ஒரு பக்கமாகச் சுருட்டி, புதிய விரிப்பை அதை ஒட்டிச் சுருட்டி வைத்து, ஆளை அதன்மேல் உருட்டி, அந்தப் பக்கம் போய் இரண்டையும் இழுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்கு இரண்டு பேர் நிற்பார்கள். இங்கே ஒரு ஆள், அதிலும் ஒரு கை.

“நகருங்க அத்தை, நான் இழுக்கிறேன்” என்று சர்வேக்காரி ஓடி வந்தாள்.

“நீ கிட்ட வராதே” என்றார் லாண்டரியம்மா. சொன்ன வேகத்தில் அவருக்கே திக்கென்றது. “உனக்கு இது பழக்கமில்லைன்னு சொன்னேன்.”

டிரைவர் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தான். மேல்பாக்கெட்டில் நாலாக மடித்த ஒரு தாள். பகல்நேரப் பராமரிப்பு இல்லத்திலிருந்து வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்களே மகன் பெயரில் விண்ணப்பம் எழுதி அனுப்பியிருந்தார்கள், ஒன்றரை வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு இடம் காலியாகியிருக்கிறது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை பெரியவரை அங்கே பார்த்துக்கொள்வார்கள். இன்று மாலை ஐந்து மணிக்குள் மகன் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“என்னடா முடிவு பண்ணே?” என்றார் லாண்டரியம்மா.

“என்னத்தம்மா முடிவு பண்றது? அப்பாவைக் கொண்டுபோய் யாரோ எவரோ கையில விடவா? வீட்ல ஆளே இல்லாத மாதிரி! நீதான் தெம்பா இருக்கியே.”

“இந்தக் கையைப் பார்த்துத்தான் சொல்றியா?”

“அது ரெண்டு வாரத்துல சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரும்மா.”

“கை சரியாயிடும்டா. உங்கப்பா...”

“ஆரம்பிக்காதேம்மா. காலங்காத்தால வேண்டாம்.” அவன் சாவியை எடுத்தான். “நாலு மணிக்கு வந்துடுவேன். வந்து பேசிக்கலாம்.”

நாலு மணிக்கு வந்து பேசுகிறானாம். இந்த ஆண்பிள்ளைகளுக்கு எப்போதும் ஏதோ ஒரு நாலு மணி இருக்கிறது.

சர்வேக்காரிக்கு இன்று விடுப்பு. காரணம் வேடிக்கையானது. சர்வேக்கு வீடு தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் இந்த முறை அவள் வீடே விழுந்துவிட்டது. சொந்த வீட்டில் தானே கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. ஆகவே அவளோடு வேலை பார்க்கும் இன்னொருத்தி பதினொரு மணிக்கு வருகிறாள்.

இந்த நாளுக்காக லாண்டரியம்மா மூன்று மாதமாகக் காத்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன் சர்வேக்காரி பயிற்சிக்குப் போய்வந்த வாரம், பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் கேள்விகளைச் சத்தமாகப் படித்துப் பழகினாள். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார் லாண்டரியம்மா. நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி வந்தது. ‘கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்கள் கணவர் உங்களை அறைந்தது, தள்ளியது, கையை முறுக்கியது உண்டா?’

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “இதெல்லாமா கேப்பீங்க? வீடு வீடா?”

“ஆமா அத்தை. உலகம் பூரா கேக்கறாங்க. பொம்பளைங்க நிலைமை எப்படி இருக்குன்னு எல்லா நாட்டுலேர்ந்தும் சேர்த்து ஒரு அறிக்கை போடுவாங்க.”

“நம்ம வீட்டுக்கும் வருமா?”

“குலுக்கல்ல விழுந்தா வரும்.”

லாண்டரியம்மா மறுபடி துணி மடிக்கத் தொடங்கினார். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவர் கூடவே இருந்தது. சலவைக்கூடத்தில் சீட்டில் எழுதாத விரிப்பு தொலைந்தால் யாரும் தேட மாட்டார்கள், அப்படி ஒன்று இருந்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எழுத்தில் ஏறிவிட்டால் கதையே வேறு. வெளியாள் ஒருத்தி கேட்டு, தான் சொல்லி, அது எழுத்தில் ஏறிவிட்டால், ‘நீயா நினைச்சுக்கிறேம்மா’ என்று மகனால் சொல்ல முடியாது. அவனே அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவான். அவர் கணக்கு அதுதான்.

சர்வேக்காரிக்கு ஒன்று தெரியும். டேப்லெட்டில் அந்தக் கேள்விப் பக்கம் யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்று. தெரிந்தும் அத்தையிடம் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு வந்தவளுக்கு அலுவலகத்தில் ‘தும்மல்’ என்று பெயர். தெருப்புழுதி ஒத்துக்கொள்ளாது, பாவம். வாசலிலேயே மூன்று முறை தும்மிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். தோளில் அலுவலகம் கொடுத்த துணிப்பை. அதில் பெரிய எழுத்தில், ‘எந்தப் பெண்ணும் விடுபடக் கூடாது.’

லாண்டரியம்மா வெளியே போகும்போது மட்டும் உடுத்துகிற உடையில் இருந்தார். ஒற்றைக் கையால் தலையைப் படிய வாரி, கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பையில் இருந்த எழுத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

“அம்மா, உங்க வயசு?” என்றாள் தும்மல்.

“அறுபத்தேழு.”

தும்மல் தட்டினாள். “நன்றிம்மா. உங்களுக்கு அவ்வளவுதான்.”

“எவ்வளவுதான்?”

“உங்களுக்குக் கேள்வி முடிஞ்சுது. இனி அக்காகிட்ட தனியாப் பேசணும். நீங்க கொஞ்சம் உள்ளே இருந்தீங்கன்னா...”

லாண்டரியம்மா மருமகளைப் பார்த்தார். சர்வேக்காரி தரையைப் பார்த்தாள்.

அவர் எழுந்தார். உடையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது சர்வேக்காரிக்கு.

தும்மல் கேட்டுக்கொண்டே போனாள். சர்வேக்காரி ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

“உங்க கணவர் உங்களை அறைஞ்சது, தள்ளினது, கையை முறுக்கினது...”

“நிறுத்து” என்றாள் சர்வேக்காரி. “இதை என்கிட்ட கேட்டு என்ன புண்ணியம்? கேக்க வேண்டிய ஆளை அடுப்படிக்கு அனுப்பிட்டோம்.”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். இந்த மூன்று மாதத்தில் எத்தனை வீட்டில் எத்தனை பேரை ‘நன்றிம்மா, நீங்க உள்ளே போகலாம்’ என்று அனுப்பியிருப்பாள்! ஒரு வீட்டில் ஒரு அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்கு ஒண்ணுமே இல்லையா?’ என்று கேட்டார். இலவசப் பொருள் வினியோகம் ஏதோ நடக்கிறது என்று நினைத்துவிட்டார் போல என அன்று சிரித்துக்கொண்டே வந்தாள். இப்போது நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்றது.

தும்மல் நல்லவள். உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள்.

“சார், அறுபத்தேழு வயசு. கேள்வி திறக்க மாட்டேங்குது.”

“திறக்காதும்மா. பதினைஞ்சுலேர்ந்து நாப்பத்தொன்பது வரைக்கும்தான். பிள்ளை பெறுற வயசு. எல்லா ஊர்லயும் அதான் அளவு.”

“வயசானவங்களை யார் சார் கேக்கறது?”

“அவங்களுக்குத் தனியா ஒண்ணு வரும்.”

“எப்ப சார்?”

“வரும்மா, வரும்” என்று போனை வைத்துவிட்டார்.

அடுப்படிக் கதவு திறந்திருந்தது. லாண்டரியம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது.

“பிள்ளை பெறுற வரைக்கும்தான் பொம்பளையா?” என்றார். கோபமாகக்கூட இல்லை, அசதியாகக் கேட்டார். “அப்ப எனக்கு முப்பது வயசா இருந்தப்ப இந்தக் கேள்வி எங்கேம்மா போச்சு? அப்ப நான் இருந்தேன், கேள்வி இல்லை. இப்ப கேள்வி இருக்கு, நான் இல்லை.”

தும்மல் மூக்கைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “அம்மா, ஒரு வழி இருக்கு. வயசை நாப்பத்தொன்பதுன்னு போட்டுடறேன். யாருக்கும் தெரியாது.” போட்டும்விட்டாள். டேப்லெட் சமர்த்தாக அடுத்த கேள்வியைக் காட்டியது. அவள் படித்தாள். “இப்போது நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்களா?”

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லாண்டரியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்த வீட்டில் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

சிரித்து முடித்ததும் அவர் தலையை ஆட்டினார். “வேண்டாம்மா. அழிச்சுடு.”

“ஏன்மா? உங்க கஷ்டம் பதிவாகுமே.”

“யார் கஷ்டம் பதிவாகும்? நாப்பத்தொன்பது வயசுக்காரி ஒருத்தியோட கஷ்டம் பதிவாகும். அடி வாங்கினது அறுபத்தேழு வயசுக்காரி. முதல் கேள்விக்கே பொய் சொன்னா, நூத்திப் பன்னிரண்டாவது கேள்விக்கு நான் சொல்றதை யாரு நம்புவா? என் மகனே நம்ப மாட்டான்.”

அடி என்ற சொல் அந்த வீட்டில் இப்போதுதான் முதல்முறையாகச் சத்தமாகச் சொல்லப்பட்டது. உள்ளே டம்ளர் தட்டியது. லாண்டரியம்மா போனார்.

சர்வேக்காரி எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்தாள். பழைய பயிற்சிப் புத்தகம் கிடந்தது. கேள்விகளெல்லாம் அச்சில், பதில் எழுத இடம் விட்டு. காகிதத்துக்கு வயது தெரியாது, தானாக மூடிக்கொள்ளவும் தெரியாது.

“நீ மத்த வீட்டை முடிச்சுட்டு வா” என்றாள் தும்மலிடம். “இதை நான் கேட்டு எழுதி வைக்கிறேன்.”

“சொந்த வீட்ல கேக்கக் கூடாதேக்கா?”

“விதியில இவங்களே இல்லை. அப்புறம் இவங்களுக்கு என்ன விதி?”

தும்மல் யோசித்தாள். “சாயங்காலம் திரும்பற வழியில வந்து வாங்கிக்கிறேன். சார் மேஜை மேல நானே கொண்டுபோய் வைக்கிறேன். என்னைத் தும்மறதுக்கு மட்டும்தான் அவருக்குத் தெரியும், இதுக்கும் தெரியட்டும்.”

பெரியவருக்குச் சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, அவர் கண் அசரும்போது மணி மூன்றரை. லாண்டரியம்மா வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். உடையில் சாப்பாட்டுக் கறை. இடது கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. சர்வேக்காரி அதைப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்தும் பார்க்காமல் இருந்த கண்தான் அது. பேனாவைத் திறந்தாள்.

“உங்க வயசு?”

“அறுபத்தேழு. நல்லாப் பெருசா எழுது.”

“கடந்த பன்னிரண்டு மாசத்துல உங்க கணவர் உங்களை அறைஞ்சது உண்டா?”

“உண்டு.”

“ஒரு தடவையா, சில தடவையா, அடிக்கடியா?”

“அடிக்கடி. சோறு ஊட்டும்போது. கிட்டப் போய்த்தானே ஆகணும்.”

“கையை முறுக்கினது உண்டா?”

லாண்டரியம்மா கட்டுப் போட்ட கையை மேஜைமேல் எடுத்து வைத்தார். சர்வேக்காரி ‘உண்டு’ என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

“எப்பலேர்ந்து அத்தை?”

“கல்யாணமான ரெண்டாம் மாசத்துலேர்ந்து. அப்ப ரெண்டு கை, இப்ப ஒரு கை. எல்லாம் நோயால வர்ற கோபம்னு உன் புருஷன் சொல்லுவான். நோய் வந்து பாதியா குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை.”

“நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் லாண்டரியம்மா. குத்திக்காட்டுகிற குரலில்லை. உள்ளதைச் சொன்னார். சர்வேக்காரிக்கு அது இன்னும் வலித்தது. காலையில் அத்தை ‘நீ கிட்ட வராதே’ என்று தடுத்தது எதற்கு என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

வாசலில் செருப்புச் சத்தம். டிரைவர்.

பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. இந்த மாதிரிக் கேள்வி கேட்கும்போது வீட்டு ஆள் யாராவது உள்ளே வந்தால் சட்டென்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டும். வேறு ஏதோ பேசுகிற மாதிரிக் காட்ட வேண்டும். பேசுகிறவளுக்கு ஆபத்து வரக் கூடாதல்லவா, அதற்காக. மூன்று மாதப் பழக்கத்தில் சர்வேக்காரியின் கை தானாகத் திருப்பியது.

“உங்க வீட்டுக்குக் குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து வருது?” என்றாள்.

“குழாயிலேர்ந்து” என்றார் லாண்டரியம்மா, அவரும் பழக்கத்தில்.

“என்ன, வீட்லயும் சர்வேயா?” டிரைவர் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தபடி உட்கார்ந்தான். பாக்கெட்டில் அந்தத் தாள் மடித்தது மடித்தபடி இருந்தது. பத்து மணி நேரம் ஸ்டியரிங் பிடித்த களைப்பு அவன் முகத்தில். அவனைப் பார்த்தாலும் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய. சுவரில் மணி நாலு இருபது.

“பக்கத்தைப் பழையபடி திருப்பு” என்றார் லாண்டரியம்மா.

“ஆள் இருக்கும்போது கேக்கக் கூடாது அத்தை.”

“ஆள் இருக்காங்கன்னு வாயை மூடி மூடித்தான் நாப்பத்திரண்டு வருஷம் போச்சு. திருப்பும்மா.”

சர்வேக்காரி திருப்பினாள். “உங்க கணவர் உங்களை அடிச்சதை... இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

டிரைவர் நிமிர்ந்தான்.

“சொல்லியிருக்கேன்” என்றார் லாண்டரியம்மா. “மூணு தடவை.”

“யார்கிட்ட?”

“இதோ உக்காந்திருக்கானே, இவன்கிட்ட.”

டிரைவர் மனைவியைப் பார்த்தான், அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தான். அந்தக் கன்னத்தைப் பார்த்தான்.

“எப்பம்மா சொன்னே?” குரல் உள்ளே போயிருந்தது.

“முதல் தடவை நீ ஷிப்டுக்குக் கிளம்பிட்டிருந்தே. ரெண்டாவது தடவை உனக்குத் தூக்கம். மூணாவது இன்னிக்குக் காலையில. ஆரம்பிக்காதேன்னே.”

“அப்பாவுக்கு உடம்பு...”

“அதையும் எழுதிட்டேன்” என்றாள் சர்வேக்காரி, தலை நிமிராமல். “எப்பலேர்ந்துன்னு. வேணும்னா படிச்சுப் பாருங்க.”

அவன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான். மேலே பெரிதாக அறுபத்தேழு. அதன் கீழே கோணல் எழுத்தில் ஒவ்வொன்றாக. ரெண்டாம் மாசத்துலேர்ந்து என்ற இடத்தில் அவன் விரல் நின்றது. அவனுக்குச் சின்ன வயதில் தெரிந்ததுதான் அது. தெரியாத மாதிரி வளர்ந்துவிட்டான்.

டங், டங், டங்.

உள்ளே பெரியவர் விழித்துவிட்டார். வழக்கமாக மூன்றாவது தட்டுக்குள் லாண்டரியம்மா எழுந்துவிடுவார். டிரைவர் அம்மாவின் காலைப் பார்த்தான். அது அசையவில்லை.

டங், டங், டங், டங்.

மணி நாலு இருபத்தைந்து. பராமரிப்பு இல்லத்துக்குப் பஸ்ஸில் இருபது நிமிஷம், அது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். டிரைவர் எழுந்து நின்றான். வாசலைப் பார்த்தான், உள்ளறையைப் பார்த்தான். கை தன்னால் தாள் இருந்த பாக்கெட்டுக்குப் போயிற்று.

லாண்டரியம்மா அவனைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அடுத்த கேள்வியைக் கேளும்மா” என்றார்.